இன்னும் கொஞ்சம் ஈரம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் தம்பி முதலில் ஒருமுறை கைதட்டுவான். தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஓய்கிறவரை நிற்பான். கல்யாண மண்டபம், வங்கி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கு, எதையும் விட்டதில்லை. ஒரு சாவு வீட்டிலும் தட்டிவிட்டான். பெரிய மாமா முறைத்ததற்கு, "கூரை உயரம் மாமா, அதான்," என்றான். அன்றிலிருந்து உறவுக்குள் அவன் பெயர் கைத்தட்டி.

அக்கா மட்டும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவள் அவள். துணி கொண்டுவருகிறவர்களிடம், "உள்ள தம்பி வேலை செய்றான், கொஞ்சம் மெதுவா பேசுங்க," என்பாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

பாடுகிற குரலுக்கு இடம் கட்டிக்கொடுப்பது அவன் வேலை. எதிரொலி எழாத சின்ன அறையில் பதிந்து அனுப்பிய குரல், வெயிலில் காய்ந்த துணிபோல விறைத்துக் கிடக்கும். கணினியில் ரிவெர்ப் என்ற பெட்டியைத் திறந்து அதைச் சுற்றி ஓர் அறை எழுப்புவான். எவ்வளவு பெரிய அறை, சுவர் கல்லா மரமா, குரல் நின்ற பிறகு அதன் வால் எவ்வளவு தூரம் ஓடலாம், எல்லாம் அவன் கையில். அந்த எதிரொலியை எவ்வளவு கலப்பது என்பதற்குத் தொழிலில் ஈரம் என்று பெயர். மயிரிழை திருப்புவான், கேட்பான், அதில் பாதியைத் திரும்பக் கொண்டுவருவான். காலையில் வைத்த டீ மத்தியானம் ஏடு படிந்து கிடக்கும்.

"ஈரம் கூடுனா குரல் ஊறிப்போயிடும்க்கா. குறைஞ்சா ஆளு அநாதையா நிப்பான்."

"ஈரமெல்லாம் பாட்டுக்குத்தான். அக்காவுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்க உன் வாயில ஒரு சொட்டு ஈரம் கிடையாது."

சிரிப்பானே தவிர, கோத்துத் தரமாட்டான்.

திரையின் ஓரத்தில் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சைக் கோடு ஒன்று உண்டு. அதன்மேல் அக்காவின் வெட்டுத்துணியில் ஒரு நீலத் துண்டை எடுத்து ஒட்டி மறைத்திருந்தான். "கோட்டப் பாத்து வேலை செஞ்சா காது சோம்பேறியாயிடும்," என்பான். கண்ணை மூடித்தான் கேட்பான். இதை அக்கா துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருஷம் அவன் முடித்து அனுப்பிய பாட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. வேலை கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் முதலில் சிரித்தபடிதான் கேட்டார்: "என்னப்பா, பாடுன பொண்ணக் கிணத்துக்குள்ள எறக்கிட்டியா?" பிறகு சிரிப்பு நின்றது. "வால் நீண்டு அடுத்த வரி மேல படுத்துக் கிடக்கு. உன் வேலையாப்பா இது?"

தம்பி ஸ்பீக்கரைக் குறை சொன்னான். வயரை மாற்றினான். காது டாக்டர் என்று அக்கா வாயெடுத்தபோது, "மூக்கடைப்புக்கா, போயிடும்," என்றான்.

போன வாரம் முன்னறைக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுத்திருந்தார்கள். காலி அறையில் அவன் கைதட்டினான். சத்தம் கூரைவரை போய்ச் சிலிர்த்துக்கொண்டு திரும்பியது. அவன் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "செத்த ரூம்க்கா," என்றான். எதிரொலி எழாத அறையை அவன் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா குனிந்து, தரையில் இல்லாத ஊசியைத் தேடினாள்.

நேற்று இன்னொரு பாட்டு வந்தது. "இதுவும் ஊறி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்குறேன். தப்பா நினைக்காத," என்று சொல்லி அனுப்பியிருந்தார் ஸ்டுடியோக்காரர்.

இன்று மதியம் தம்பி அக்காவை உள்ளே கூப்பிட்டான். தன் நாற்காலியில் உட்காரவைத்தான்.

"பாடுறது நின்னதும் கையத் தூக்கு. வால் ஓயுற எடத்துல எறக்கு. நானும் தூக்குறேன்."

கண்ணை மூடிக்கொண்டான். ஒரே ஒரு வரி. குரல் நின்றதும் இரண்டு கைகள் மேலே போயின. அவன் கை உடனே இறங்கிவிட்டது. அக்காவின் காதில் அது இன்னும் போய்க்கொண்டிருந்தது, தெருமுனை திரும்பும் வண்டியின் சத்தம்போல மெலிந்து மெலிந்து. ஓர் இழை கோணினாலும் முழுத் தையலையும் பிரித்துப் போடுகிறவள் அவள். ஆனாலும் அது ஓயுமுன்பே கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா எறக்குன?"

"உன்கூடவேதான்டா."

அவன் திரை ஓரத்து நீலத் துணியை உரித்தெடுத்துவிட்டு, அதே வரியை மறுபடி ஓடவிட்டான். இந்த முறை கண்ணை மூடவில்லை. குரல் நின்றதும் மடியில் கிடந்த அவள் கையை மணிக்கட்டோடு பிடித்து உயர்த்தினான். பச்சைக் கோடு அடியில் துடித்துக்கொண்டே இருந்தது. அது முழுக்க அணைகிறவரை உயர்த்திப் பிடித்திருந்துவிட்டு, அவள் கையை மெல்ல இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்தான்.