வலைக்குள் வைத்த பவளம்

எங்கள் குடும்பம் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி மிளகாய் போடுகிற குடும்பம். நான் கடலுக்கடியில் பவளம் நடும் வேலைக்குப் போனபோது, அதுவும் நாற்று நடுவது போலத்தானா என்று அய்யா கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். கடற்கரை ஊரான புதுமடத்திலிருந்து படகில் போய், உயிருள்ள பவளத்தில் சிறு கிளைகளை ஒடித்து, சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வைப்போம். என்னோடு மூழ்குபவர் இந்த வேலையில் எனக்கு மூத்த ஓர் அக்கா.

ஒரு கோடையில் கடல் சூடேறி, பவளமெல்லாம் வெளுத்துப்போனது. சூடு தணிந்த பிறகு பார்த்தால் பாதிக்கு மேல் செத்துப் பாசி படிந்திருந்தது. எங்கள் சட்டங்களில் சில கிளைகள் மட்டும் நிறம் திரும்பியிருந்தன. ஆனால் பவளத்தின் சதையைக் கொத்தித் தின்னும் வண்ணாத்தி மீன்கள், முன்பு பாறை முழுக்கப் பரந்து மேய்ந்தவை, இப்போது அந்தச் சில கிளைகளையே சுற்றின. பாறையைச் சுரண்டி மேயும் கிளிமீன் கடித்த இடங்கள் வெள்ளைத் தழும்பாகத் தெரிந்தன. பிழைத்து வந்ததைத் தின்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அய்யாவிடம் போனில் சொன்னேன்.

"நம்ம கொல்லைக்கு மயிலு வந்தா வலை கட்டுறோம்ல. அங்கனயும் கட்டு ஆத்தா."

அக்காவுக்கும் அது சரியாகப் பட்டது. பாதிச் சட்டங்களுக்கு வலைக்கூண்டு கட்டினோம். தழும்புகள் ஆறத் தொடங்கின. அடுத்த முறை மூழ்கியபோது அக்கா தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு மழைக்காலம். புயல் எச்சரிக்கை மாறி மாறி வந்ததால் படகு எடுக்க முடியவில்லை. மறுபடி போனபோது கூண்டுகளே தெரியாத அளவுக்குப் பாசி மூடியிருந்தது. மீன் நுழைந்து மேய வழியில்லாததால் உள்ளேயும் பாசி அடர்ந்து, கிளைகள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. வெளியே விட்டவற்றில் கடிபட்டு மாண்டவையும் உண்டு. ஆனால் கிளிமீன்கள் பாசியைச் சுரண்டிய கல்லில் பல கிளைகள் தழும்போடு உயிரோடிருந்தன.

படகில் ஏறிய அக்கா மூழ்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்ம காப்பாத்துனதுதாம்மா செத்துருச்சு."

மறுநாள் கூண்டுகளை அறுத்தோம். அறுக்கும்போதே கிளிமீன்கள் வந்தன. அவை கல்லைச் சுரண்டும் ஓசை காதில் கறகறவென்று கேட்டது. ஒரு மீன், உயிரோடிருந்த கிளை ஒன்றையும் கடித்தது. விரட்டக் கை எழுந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுத்த கூண்டின் முடிச்சை அறுக்கப் போனேன்.