சாமியானா போட்டிருந்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரைப் பௌர்ணமி அன்று நடந்தது இது. எங்கள் வீடு திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது காத்திருந்து வருகிற நாள். எங்களுக்கோ அன்று போன் வேலை செய்யாத நாள். அத்தனை லட்சம் பேர் ஒன்றாக மலையைச் சுற்றக் கிளம்பினால் சிக்னல் கோடுகள் என்னவோ நிறையத் தெரியும், ஒரு ஹலோகூடப் போய்ச் சேராது. பால்காரரிடம் சொல்ல வேண்டியதைக்கூட முந்தைய நாளே சொல்லிவிடுவோம்.

அந்த நாளில்தானா எனக்கு ஆன்லைன் நேர்காணல் வந்து வாய்க்க வேண்டும்?

நான் வயலின் வாசிக்கிறவள். அப்பா கடலையும் பூவும் போடுகிற விவசாயி. இசைப் பள்ளியில் படித்து முடித்த பிறகு, கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பிரியாணி வாசனைக்கு நடுவே, யாரும் கேட்காத வாசிப்பு. முறையாக ஒரு குருவிடம் இருந்து கற்றுக்கொள்ள ஆசை. சென்னையில் தங்கிப் படிக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. அப்போதுதான் ஓர் அறக்கட்டளை இளம் இசைக் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருவதைக் கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் குருவிடம் பயிற்சி, தங்கும் செலவு, சில மேடை வாய்ப்புகள். வயது வரம்பு இருபத்தைந்து. அந்த வருடத்தோடு எனக்கு அது முடிகிறது. கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு வேலை தயாராக இருந்தது. அப்பா எதற்கும் குறுக்கே நின்றதில்லை. ஆனாலும் இதுதான் கடைசி முயற்சி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இறுதிச் சுற்று நேர்காணல் முதலில் வேறு நாளில்தான் இருந்தது. நடுவர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று மாற்றி, பௌர்ணமி அன்று மாலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் நிலவரத்தை விளக்கி மெயில் அனுப்பினேன். அன்றே முடிவு செய்தாக வேண்டும், வேறு நாள் தர முடியாது என்று பதில் வந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு எங்கள் பௌர்ணமி எங்கே புரியப்போகிறது என்று கோபம் கோபமாக வந்தது.

ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஒரு கஃபேயில், பின்பக்க அறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே கேபிள் இன்டர்நெட் உண்டு. நேரத்தோடு கிளம்பிவிடலாம் என்று அப்பா பைக்கில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்திலேயே போலீஸ் தடுப்பு. வண்டி போகக் கூடாது. அப்பா கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. "நீ நடம்மா. வண்டிய எங்கனா வுட்டுட்டுப் பின்னாலயே வரேன்" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் வீட்டில்தான் பார்த்தேன்.

ரமணாசிரமத்துக்குப் போக, நான் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். அத்தனை பேரும் என்னை நோக்கி வர, நான் ஒருத்தி மட்டும் எதிரில். தோளில் இரவல் லேப்டாப், மார்போடு அணைத்த வயலின் பெட்டி. "எதுத்தாப்ல வராதம்மா, சாமி குத்தம்" என்று ஒரு பெண்மணி நிஜமாகவே திட்டினார். பத்தடி முன்னே போனால் ஐந்தடி பின்னே தள்ளினார்கள். நேரம் நாலரை ஆகிவிட்டது. பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பாதையை ஒட்டிய அந்த மாடி வீடு கண்ணில் பட்டது. கம்பத்திலிருந்து மாடிக்கு இன்டர்நெட் கேபிள் போயிருந்தது. வாசலில் சாமியானா, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் கேன்கள். பௌர்ணமி அன்று எங்கள் பாதையில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படித்தான் இருக்கும். அன்னதானம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்டா, குண்டான் எதையும் காணோம். சாப்பாடு இனிமேல்தான் வரும்போல என்று அதற்கும் நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். வாசல் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. நாற்காலிகளில் நாலைந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவள் இல்லை. நேரே உள்ளே போனேன். நிலைப்படியில் என் அம்மா வயதில் ஒருவர் ஈரத்தலையோடு நின்றிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நேர்காணல், ஐந்து மணி, வயது வரம்பு, இன்றைக்கு விட்டால் போச்சு. "உங்க வூட்ல நெட் இருக்காம்மா? அரை மணி நேரம் போதும்" என்றேன். நாற்காலியிலிருந்த பெரியவர் ஒருவர், "இன்னாம்மா இது, இந்த நேரத்துல..." என்று எழுந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது பாத்ரூம் கேட்டு வந்து தொல்லை கொடுப்பார்கள், அந்தச் சலிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இருக்கட்டும் மாமா, வுடுங்க" என்றவர், உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார்.

மொட்டைத் தலையோடு ஒரு இளைஞர் வந்தார். புதிதாக அடித்த மொட்டை. ஏதோ வேண்டுதல் போல என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். மாடி அறைக்குக் கூட்டிப்போய், மேஜையை ஒழித்துக் கொடுத்து, பாஸ்வேர்டை அவரே போட்டுத் தந்தார். தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை.

ஐந்து மணிக்கு நடுவர்கள் மூன்று பேரும் திரையில் வந்தார்கள். கரகரப்பிரியாவில் ஆலாபனை செய்தேன். கேள்விகள் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், துள்ளலாக ஏதாவது வாசியுங்கள் என்றார். ஒரு தில்லானா வாசித்தேன். அதுவரை இருந்த படபடப்பெல்லாம் போய், அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்குமே வாசித்ததில்லை. கால் தானாகத் தரையில் தாளம் போட்டது. நடுவர் ஒருவர் தலையை ஆட்டிச் சிரித்தார். படம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

படிகளில் கிட்டத்தட்டக் குதித்துத்தான் இறங்கினேன். கூடத்தில் பெண்கள் சிலர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாயெல்லாம் பல்லாக அந்த அம்மாவிடம் போய், "ரொம்ப தேங்க்ஸ்ம்மா. எத்தன பேருக்கு அன்னதானம் பண்றீங்க? நானும் இருந்து பரிமாறிட்டுப் போறேன்" என்றேன்.

பாயில் இருந்த ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகன்தான் மெதுவாகச் சொன்னார்: "அப்பாவ மத்தியானம்தான் எடுத்தோம்."

கழுவிய வாசல், ஈரத்தலை, மொட்டை, எழுந்து நின்ற பெரியவர். எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஒன்றையும் பார்க்காமல், பிணம் எடுத்த வீட்டின் மாடியில் உட்கார்ந்து நான் தில்லானா வாசித்திருக்கிறேன். தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. "தெரியாம வந்துட்டேம்மா, தெரியாம..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா வாசிச்சிருப்பியா? அதான் சொல்லல" என்றார் அவர். அழுது அழுது கரகரத்த குரல். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "வூட்டுக்குப் போனதும் மொதல்ல தலைக்கு ஊத்திக்க கண்ணு. அப்புறமா அதத் தொடு."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பழக்க தோஷத்தில் 'போயிட்டு...' என்று வாய் ஆரம்பித்துவிட்டது. வேண்டாம் என்று அவர்தான் கையைக் காட்டினார். நன்றிகூட ஒழுங்காகச் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். இந்த முறை கூட்டம் போகிற பக்கமாகவே நடந்ததால் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை மறக்க நானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் வாசிப்பு அந்த அம்மாவுக்கு ஏதோ ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்காகத்தான் அவர் என்னை உள்ளே விட்டிருப்பார். யோசிக்க யோசிக்க எனக்கே அது அழகான கதையாகத் தெரிந்தது. தோழிகளிடமும் அப்படித்தான் சொன்னேன். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது.

சென்னைக்குக் கிளம்பும் முன் அந்த வீட்டுக்குப் போனேன். வருஷம் திரும்பாத வீட்டுக்கு ஸ்வீட் எடுத்துப்போகக் கூடாது என்று, எங்கள் நிலத்துக் கடலையை ஒரு பையில் கொடுத்தனுப்பினாள் அம்மா. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, நெட்டு வேணுமா?" என்றார். லேசாகச் சிரிக்கவும் செய்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. சங்கதியைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நல்லா இரு என்றார்.

காபி குடிக்கும்போது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் வாசிச்சது உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ஆறுதலா இருந்துச்சாம்மா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொய் சொல்லக் கூடாது கண்ணு. ஒண்ணுமே காதுல வுழல. நீ மேல இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு. நீ எறங்கி வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு."

எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். "அப்புறம் ஏம்மா என்ன உள்ள வுட்டீங்க?" என்றேன்.

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார். "நீ கேட்ட. நெட்டு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கடலை இந்த வருஷம் நல்லா வந்திருக்கா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இப்போது சின்னச் சின்ன மேடைகள் கிடைக்கின்றன. கச்சேரி முடிந்ததும் யாராவது வந்து, உங்கள் வாசிப்பு மனசை ஆற்றிவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. என் இசையில் ஒரு ஸ்வரத்தைக்கூடக் காதில் வாங்கும் நிலையில் இல்லாதபோதுதான், அவர் எனக்காகத் தன் வீட்டைத் திறந்துவிட்டார்.