செம்பனைத் தோட்டத்து அலறலும் என் திருநீறும்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளை. குளுவாங்கில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் தம்போயில் உள்ள என் வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். கணவர் இறந்து எட்டு மாதம். அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது.

அவர் போனதிலிருந்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவர் உடலை வைத்த பெட்டி வீட்டுக்கு வந்தபோது மகள் நிறைமாதம். "அவ முன்னால அழுதுடாதீங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடக்கினேன். அடக்கியது அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. சோறு விழுங்கினாலும் அடைக்கும். கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசியதும் காதில் விழுந்தது. தனியாக உட்கார்ந்து அழுது பார்த்தேன், வரவில்லை. இனி வரவே வராதோ என்று பயமாக இருந்தது.

வழியில் ரெங்கம் என்ற ஊரைத் தாண்டியதும் மழை கொட்டியது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் மண்பாதை முகப்பில் ஓரங்கட்டினேன். மழை விட்டதும் கண்ணாடியை இறக்கினேன். அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கார். உள்ளே கறுப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, தனியாக. தலைமுடி முகத்தை மூடியிருக்க, தலையை ஆட்டி ஆட்டி மனிதக் குரல் மாதிரியே இல்லாத குரலில் கத்துகிறாள். உச்சி வேளை, தோட்டத்து ஓரம், தலைவிரி கோலம். நான் வேறென்ன நினைப்பேன்? பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது!

கைப்பையில் கோவில் திருநீறு இருந்தது. சேற்றில் ஓடி, கதவைத் திறந்து, "முருகா!" என்று நெற்றி நிறையப் பூசி ஊதிவிட்டு, பேயை மிரட்டுகிற குரலில் கேட்டேன். "யாரு நீ? எங்கேருந்து வந்த?"

அந்தப் பெண் கண்ணில் விழுந்த திருநீற்றைத் துடைத்தபடி, மெல்லிய குரலில், "ரெங்கம்தான், ஆன்ட்டி" என்றாள்.

அப்புறம்தான் மடியிலிருந்த கணினியும் முகத்துக்கு நேரே இருந்த மைக்கும் என் கண்ணில் பட்டன.

"அலமாக், ஐயோ ஆன்ட்டி! ரெண்டு மணி நேரமா ட்ரை பண்றேன், இப்பதான் நல்லா வந்துச்சு!" என்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ மானம் போயிற்று.

அவள் பாலர்பள்ளி ஆசிரியை. பாடுவது பிளாக் மெட்டல் என்ற, அலறிப் பாடும் ஒரு வகை ராக் இசை. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் இன்னொரு தடவை திருநீறு எடுக்கப் பையில் கை விட்டேன் என்பதை மறைக்கவில்லை. அவள் பாட்டில் அம்பியன்ட் என்று மெதுவான ஓசையையும் கலப்பாளாம். வீட்டில் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்பதால் காருக்குள் பதிவு செய்கிறாள்.

"உனக்கு என்னம்மா அவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒன்னும் இல்ல, ஆன்ட்டி. காலையில பிள்ளைங்களுக்குக் கிளி, மைனான்னு பாடுறேன். உள்ள இருக்கறதெல்லாம் அதுல வெளிய போவாது லா."

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். முதலில் ஒன்றுமே இல்லை, ஃபிரிட்ஜ் ஓடுவது போல ஒரு முனகல். பிறகு செம்பனை மட்டையில் சொட்டும் மழை. வெகுநேரம் கழித்துக் கிட்டாரும் டிரம்ஸும் தகரக் கூரையில் மழை இறங்குவது போலச் சேர்ந்து இறங்கின. அத்தனைக்கும் பின்னால், எங்கோ தூரத்தில், அவள் குரல். அதில் கோபமே இல்லை. போய்விட்ட யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. என் தொண்டையில் எட்டு மாதமாக நிற்பது இதுதான் என்று புரிந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கத்திப் பாருங்க ஆன்ட்டி. இங்க யாருக்கும் கேக்காது."

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வெட்கமாகிவிட்டது. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பரவால்ல. எனக்கும் மொத மாசம் காத்துதான் வந்துச்சு."

கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டவள், மூன்று வாரம் கழித்துப் பாட்டைப் போனுக்கு அனுப்பினாள். வீட்டில் யாருமில்லை. என் கணவர் பழைய பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் போட்டேன். பாதிப் பாட்டில், மழைக்கும் அலறலுக்கும் நடுவே, கதவு திறக்கும் சத்தம். தொடர்ந்து, பதறிப்போன ஒரு பொம்பளைக் குரல்: "முருகா!"

என் குரல். வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருந்தாள். அவ்வளவுதான், எனக்குள் அடைத்திருந்தது உடைந்தது. அவர் பெயரைச் சொல்லி அலறினேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கையில் ஒட்டிய மாவோடு, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். ஸ்பீக்கர் ஒரு பக்கம் அலறுகிறது, நான் ஒரு பக்கம். அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நீளப் பாட்டு முடியும் வரை என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

திருநீறு இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. யாராவது அலறினால் இன்றைக்கும் ஓடத்தான் செய்வேன். ஆனால் யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதற்கு முன்னால், கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்காருவேன்.