மாரிசெல்வி ஓட்டலில் சாப்பிட்ட கதை

தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவிப்பவள் மாரிசெல்வி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்பவன் அவள் புருஷன் இசக்கிமுத்து. வேறு யாராவது ஆக்கியதை, அதுவும் இட்லியல்லாத எதையாவது, ஒருநாளாவது உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவனும் கூட்டிப்போகாமலில்லை. கை வறண்டிருந்தால் முக்கிலுள்ள கையேந்தி பவன், கொஞ்சம் புரண்டால் செம்பூரில் ஒரு தமிழ் ஓட்டல், நாலு காசு சேர்ந்தால் மாட்டுங்காவில் பெரிய ஓட்டல். எங்கே போனாலும் தட்டில் வந்து விழுவது மட்டும் இட்லிதான்.

நேற்றும் மாட்டுங்காவில் கால் கடுக்க வரிசையில் நின்று உட்கார்ந்தால், இட்லி!

"ஒரு பாவ் பாஜி வாங்கித் தந்தா உங்க சொத்தா அழிஞ்சிரும்?"

"நம்ம ஊரு சாப்பாடு மாதிரி வருமாளா?" என்றவன், ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தான். காலையில் விற்காமல் மிஞ்சி, கையோடு கொண்டுவந்திருந்த இட்லி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தான். சண்டைதான் போடப் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்தவனுக்கு வாயெல்லாம் பல். "ஏளா, முதலாளி நம்ம இட்லியத் தின்னு பாத்துட்டாரு! நாளையிலருந்து இந்தக் கடைக்கும் நீதான் அவிக்கணுமாம்!"

இனி மாட்டுங்காவுக்கே வந்தாலும் அவள் அவித்ததைத்தான் அவள் தின்ன வேண்டும்.