வெட்டிய மண்ணின் உச்சியில் ஓர் அடுப்படி

1. தகர வேலி

கழன்று ஆடிக்கொண்டிருந்த தகரத்தை விலக்கித் தலையை உள்ளே நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே செங்குத்தாக வெட்டிய செம்மண். அண்ணாந்து பார்த்தால்தான் உச்சி தெரிந்தது. அந்த உச்சியில், வெட்டிய விளிம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு வீட்டின் அடுப்படி. கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ சமைக்கிறார்கள்.

அப்போது நான் ரத்தோட்டைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊரில் 'டீ.ஓ. மிஸ்' என்பார்கள். யார் என்ன கட்டுவதானாலும் பிளான் முதலில் என் மேசைக்கு வரும். அதைச் சரிபார்த்து, இடத்தையும் போய்ப் பார்த்து, பிளானிங் கமிட்டிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை.

அன்று பார்க்கப் போனது மூன்று மாடி ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ் ஒன்றுக்கான காணி. ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போகிற வேன்களெல்லாம் எங்கள் டவுனில்தான் நிற்கும். இறங்கினால் ஒரு நல்ல டொய்லட் கிடையாது. அதனால் பிளான் வந்தபோது எனக்கும் சந்தோஷம்தான். விண்ணப்பித்தவர் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்யும் பெரியவர், எல்லோருக்கும் ஹாஜியார். வரைந்தவர் கண்டியிலிருந்து வந்த இஞ்சினியர். பார்க்கிங், படிக்கட்டு, தண்ணீர் வடியும் கான், எதிலும் குறை சொல்ல முடியாத பிளான். பின்பக்கம் லேசான சரிவு என்று காட்டியிருந்தார். எல்லைக்கு அப்பால் எதுவும் வரைந்திருக்கவில்லை. பெரும்பாலான பிளான்கள் அப்படித்தான் வரும். தேயிலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே மலையையே வெட்டியிருந்தார்கள். அனுமதி கேட்டு வந்த பிளான் என் கையில் இருக்கிறது. மண் வெட்டும் பெக்கோ மெசின் வேலையை முடித்துவிட்டு ஓரமாக நிற்கிறது.

"சின்ன லெவலிங் வேலைதான் மிஸ். எப்படியும் அப்ரூவல் வரும்தானே, மழைக்கு முன்னாடி முடிச்சிட்டோம்" என்றார் இஞ்சினியர், சிங்களத்தில்.

"மேலே வீடு இருக்குதே, நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன். அது எங்க காணிக்கு வெளியே. நாங்க எல்லையைத் தாண்டி ஒரு அடிகூட வெட்டல."

பிளானை விரித்துக் காட்டினார். அவர் சொன்னது உண்மை. எல்லைக்கோட்டை அவர் தாண்டவே இல்லை. அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

அதற்குள் ஹாஜியாரின் கார் வந்தது. முழங்கால் வலியால் கொஞ்ச காலமாக அவர் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. இறங்கி மேலே பார்த்தவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ். இப்புடி வெட்டச் சொல்லி நான் செல்லல்லயே மகள்." அதுவரை என்னை 'மிஸ்' என்றுதான் அவர் கூப்பிட்டிருந்தார்.

2. லயத்தில்

தேயிலைத் தோட்டத்துப் படி வழியாக மேலே ஏறினேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா அது. செல்வராணி என்ற கொழுந்து பறிக்கும் அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து பாயை விரித்தார்.

"அடுப்படியப் பாக்கணும்மா."

"அங்க என்ன மிஸ் இருக்கு, ஒரே பொகை."

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதை எடுத்தேன். தரையில் சுவருக்குச் சுவர் வெடிப்பு. என் கை உள்ளே போனது. கையை எடுத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"மெசின் ஓடுனப்ப வந்திச்சி. சிமெந்து பூசுனோம், திரும்பவும் வெடிச்சிருச்சி. கீழ போய்ச் சொன்னோம் மிஸ். இது வேற காணி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னாங்க."

"இன்னைக்கே எறங்கிருங்கம்மா. மழை வரப்போகுது."

"எங்க போறது? உள்ள பச்சப் புள்ளக்காரி கெடக்குறா. எம் மருமக. முப்பது கழியல. தீட்டோட யாரு வீட்டு வாசப்படிய மிதிக்கிறது?"

உள் காம்பராவில் அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹாஜியாருக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிராம சேவகருக்கும் போன் போட்டேன். தோட்டத்து ஸ்கூலைத் திறந்து தருவதாகச் சொன்னார். செல்வராணி மசியவில்லை. "பச்சப் புள்ளய சிமெந்துத் தரையில போடுறதா?" என்றார். அதுவும் நியாயம்தான். மழை தூறத் தொடங்கிவிட்டது.

அப்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அந்த முழங்காலோடு ஹாஜியார் ஏறி வந்துகொண்டிருந்தார், பின்னால் அவர் மனைவி. ஹாஜியாரின் மனைவி என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி," என்று செல்வராணியிடம் சொன்னார், "எங்கட ஊட்டுல பொம்புளப் புள்ளயள்ட ரூம் சும்மா ஈக்கிது. எனக்கு நாலு பேரு பொறந்த ரூம். தீட்டெல்லாம் நாங்க பாக்க மாட்டோம். சுடுதண்ணி வச்சிட்டுத்தான் வந்தீக்கிறேன். எழும்புங்க."

செல்வராணி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு மருமகளிடம், "துணிய எடு" என்றார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார்கள்.

3. மறுநாள்

காலையில் கிராம சேவகர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அடுப்படி இல்லை. அந்தப் பெண் படுத்திருந்த காம்பராவின் பாதித் தரையும் இல்லை. கூரைத் தகரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, பார்க்கிங் என்று பிளானில் போட்டிருந்த இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு அம்மிக்கல் வெளியே தெரிந்தது.

செல்வராணி மழையில் நனைந்தபடி அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "புள்ள தல வச்ச எடம் மிஸ்" என்று மட்டும் சொன்னார். ஹாஜியார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் யாரையும் திட்டவில்லை.

கமிட்டியில் இஞ்சினியர் சொன்ன ஒரே பதில், "பிளானில் பிழை இல்லை." தலைவர் என்னைப் பார்த்தார்.

"பிளானில் பிழை இல்லை சேர். எல்லைக்கு வெளியே இருக்கும் ஆட்களை அதில் காட்டவில்லை, அவ்வளவுதான்" என்றேன்.

ஹாஜியார் பின்னால் இருந்து எழும்பினார். "கடை பொறகு பாப்போம். மொதல்ல செவரக் கட்ட உடுங்க" என்றார். அனுமதியில்லாமல் வெட்டியதற்குச் சபை அவர்மேல் வழக்கும் போட்டது. அவர் மறுக்கவில்லை.

சுவர் எழும்பியது. இஞ்சினியர் மாறினார். பிளான் வேறாக வந்தது, ரோட்டோரமாக இரண்டு மாடி மட்டும். இன்று அங்கே நல்ல வியாபாரம். செல்வராணி குடும்பத்துக்குத் தோட்ட நிர்வாகம் வேறு இடத்தில் காணி கொடுத்து வீடு எழும்ப நெடுநாள் ஆனது. அதுவரை மருமகளும் குழந்தையும் ஹாஜியார் வீட்டில்தான் இருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சைட்டுக்குப் போனால் காணிக்காரரோடு நின்று பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். மேலே ஏறுங்கள், கீழே இறங்குங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "இங்க ஒரு கட்டடம் வரப்போகுது, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும், "தெரியாது மிஸ், உள்ள வாங்க" என்பார்கள். உள்ளே போங்கள்.