கொலுப்பெட்டிக்குள் வைத்த மெஷின்

மூன்று வருஷத்துக்கு முன்னால், நவராத்திரி சமயம். கொல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் எங்கள் ஃப்ளாட். ஊரெல்லாம் துர்கா பூஜைக் கூட்டம். என் வீட்டு ஹாலில் ஐந்து படி கொலு. கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அந்த வீம்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் கணவர் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சிகரெட் புண்ணியத்தில் நுரையீரல் பாதி போய்விட்டது. ராத்திரி முழுக்கவும், மத்தியானம் இரண்டு மணி நேரமும் 'பைபாப்' மெஷின் போட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க். மூச்சை இழுக்கும்போது மெஷின் காற்றை வேகமாகத் தள்ளும், விடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அதன் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்பக் கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு.

அவர் கட்டிலும் ஹாலில்தான். மெஷினுக்கும் கொலுவின் சீரியல் லைட்டுக்கும் அங்கே இருந்த ஒரே ப்ளக்குக்குத் தினமும் போட்டி. சப்தமியன்று வெற்றிலை பாக்கு வாங்க வந்த ஒரு அம்மாள், மெஷினின் உஸ் உஸ் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஐயோ, வென்டிலேட்டரா? எத்தனை நாளா இப்படி?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் மங்களகரமாக வந்துபோகிற வீட்டில் இது என்ன பேச்சு! அவள் படி இறங்கியதும் மெஷினைக் கழற்றினேன். பொம்மைகளை எடுத்த பிறகு கொலுப்பெட்டி காலியாகத்தானே இருந்தது? அதற்குள் வைத்து மூடிவிட்டேன்.

"மூணு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றேன்.

ராத்திரியாவது எடுத்து மாட்டியிருக்கலாம். சுண்டல், ஆரத்தி, வந்தவர்களுக்குக் காபி என்று இடுப்பு ஒடிந்துபோய்ப் படுத்துவிட்டேன். ஆக்சிஜன்தான் இருக்கிறதே, கூட்டி வைத்தால் நல்லதுதானே என்று சிலிண்டரை மூன்றுக்குத் திருப்பி வைத்தேன். என் மேதாவித்தனத்தை என்னவென்று சொல்ல!

அஷ்டமியன்று காலை தலைவலி என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். மத்தியானம் ஹாலில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் பார்த்துத் தன் உள்ளங்கையை மூக்கின்மேல் வைத்துக் காட்டினார். மெஷின் வேண்டும் என்கிறார். புரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நன்றாகப் புரிந்தது. "இருங்க, இவங்க போகட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இவர்கள் போனார்கள், அடுத்தவர்கள் வந்தார்கள். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

நவமியன்று ஒரே தூக்கம். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு மனுஷர் அசந்து தூங்குகிறாரே என்று எனக்குச் சந்தோஷம் வேறு! வந்தவர்களை மெதுவாகப் பேசச் சொன்னேன்.

சாயங்காலம் கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாள் சந்தேஷ் டப்பாவோடு வந்தாள். என்னைப் பௌதி (அண்ணி) என்றும் இவரைத் தாதா (அண்ணா) என்றும் கூப்பிடுகிறவள். அவளுடைய அப்பாவுக்கும் இதே வியாதி இருந்ததாம். இவரை எழுப்பி ஒரு ஸ்வீட்டைக் கையில் கொடுத்தாள். நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்வீட் கீழே விழுந்தது. இவர் எங்களை யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பௌதி, இது தூக்கமில்ல! தாதாவோட மெஷின் எங்கே?" என்று அவள் கூச்சல் போட்டாள். அவள் வீட்டுக்காரர்தான் டாக்ஸி பிடித்து, பந்தல் கூட்டத்துக்குள் நுழைந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். உடம்பில் கரியமில வாயு ஏகத்துக்குச் சேர்ந்திருந்தது. "மாஷிமா, வீட்டில் பைபாப் ஒழுங்காகப் போட்டாரா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டர்.

"ஒரு நாள்கூட விட்டதில்லை" என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது பொய்.

அவர் முகம் மாறியது. அப்படிப் போட்டும் இந்த நிலைமை என்றால் பைபாப் இனிக் கைகொடுக்காது; தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டும்; இந்த நுரையீரலை அதிலிருந்து மீட்டுக்கொண்டுவருவது கஷ்டம் என்றார். கையெழுத்துப் போடப் பேப்பரை நீட்டினார். பேனாவை வாங்கினேன், கையெழுத்துப் போடவில்லை. "பொய் சொல்லிட்டேன் பேட்டா. மூணு நாளா மெஷினே போடல. ஆக்சிஜனையும் கூட்டி வெச்சிருந்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. பேப்பரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். பைபாப் மாட்டினார்கள், ஆக்சிஜனைக் குறைத்தார்கள். "ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்றார். இவருடைய நெஞ்சுக்குக் கெட்ட காற்றை வெளியே தள்ளத் தெம்பில்லை, ஆக்சிஜனை மட்டும் கூட்டினால் கெட்ட காற்று இன்னும் சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய்விடும் என்று அப்புறம்தான் விளக்கினார். எந்த உஸ் உஸ் சத்தத்துக்கு நான் வெட்கப்பட்டேனோ, அதைக் கேட்டுக்கொண்டே கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்லக் கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு லேசாகத் தலையை அசைத்தார்.

மறுநாள் பெங்களூரிலிருந்து மகள் ஓடிவந்தாள். மூன்று நாளாக மெஷின் போடவில்லை என்பதை மட்டும் போனில் சொல்லியிருந்தேன். "மெஷினை யார் எடுத்து வெச்சது?" என்றுதான் முதலில் கேட்டாள். தண்ணீர் குடிக்க மாஸ்க்கை விலக்கியிருந்தார்கள். "நான்தாம்மா. சத்தம் தொந்தரவா இருந்துச்சு. உங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னா" என்றார் என் கணவர். நான் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றேன்.

இப்போது கொலு மூன்றே படி, அதுவும் உள்ரூமில். ஹால் ப்ளக் மெஷினுக்குத்தான். யார் வந்தாலும் மாஸ்க்கை நானே மாட்டிவிடுகிறேன். ஒவ்வொரு பூஜைக்கும் மகள் போன் பண்ணி, "அப்பா, அந்தத் தடவை மாதிரி மெஷினைக் கழட்டிப் போடாதீங்க" என்று அவரை அதட்டுகிறாள். அவர் என்னைப் பார்க்காமலே "சரிம்மா" என்கிறார். மகள் கொல்கத்தாவில் வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் ஊருக்கெல்லாம் இதை எழுதிவிட்டேன், சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.