ஏர் ஏறாத லாரி

இதைக் கேட்டுச் சிரித்தவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன். அந்த லாரிக்கு அடியில் ஐந்து நிமிடம் படுத்துவிட்டு வந்து சிரியுங்கள் என்று. இன்றுவரை ஒருவரும் படுக்கவில்லை. கதை கட்டும் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. லாரி பிரேக் மெக்கானிக் நான். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்போது என் மச்சினன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் மனைவியின் தம்பி, என்னோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவன். மாரடைப்பு. அவன் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை. மரக்கட்டை மாதிரி வேலைக்கு வந்தேன், மரக்கட்டை மாதிரி வீட்டுக்குப் போனேன். மனைவி அடுப்புப் பக்கமே போவதில்லை. அவள் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாளா என்பது மட்டும்தான் எனக்குள் மிச்சமிருந்த கவலை.

அன்று சாயங்காலம் லாரி முதலாளி ஒருவர் பழைய வண்டி ஒன்றை விட்டுவிட்டுப் போனார். ஏர் சீக்கிரம் ஏற மாட்டேன் என்கிறது, பாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த மாதிரி வண்டியில் பிரேக் பிடிப்பதே காற்றின் பலத்தில்தான். எஞ்சின் ஓடினால் ஐந்தாறு நிமிடத்தில் டேங்க் நிறைந்து, பிரஷர் முள் மேலே போய் நிற்க வேண்டும். நான் எஞ்சினைக் கிளப்பிவிட்டு இறங்கினேன். இருபது நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் முள் பாதியில் நின்றது. ஃபில்டர் சுத்தம். கம்ப்ரசர் குழாயைக் கழற்றிக் கை வைத்தேன், காற்று கையைத் தள்ளியது. வரவில் குறையில்லை. எங்கேயோ செலவாகிறது.

குழாயை மாட்டி, மறுபடி பாதிவரை ஏற்றி, எஞ்சினை அணைத்தேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் டார்ச்சுமாக அடியில் போய்ப் படுத்தேன். ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் தடவினேன். ஒரு குமிழ் வரவில்லை.

இனி பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும்.

"மிதி" என்றேன்.

சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் கம்பி விரல் நீளம் வெளியே வந்தது.

"விடு."

புஸ்ஸ்ஸ்... கம்பி உள்ளே போனது.

கசிவு இல்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தேன். மிதி. விடு. அதற்கடுத்தது. மிதி. விடு. மூன்றாவதை முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மேலே ஆள் இல்லை.

பன்னிரண்டு வருடம் மச்சினன் மேலே பெடலில், நான் கீழே. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சரி. மிதித்தது யார்?

மச்சினன் ஒவ்வொரு முறையும் மிதித்துவிட்டுக் கேபின் தரையைத் தட்டுவான். இப்போது தட்டவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்தேன். செத்தவனுக்கு ஞாபகம் எவ்வளவு இருக்குமோ...

அசையாமல் படுத்திருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. கம்பி வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. பின்னால் சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்தது... அணைந்தது... விழுந்தது.

வேகம் கூடியது.

புஸ்... புஸ்... புஸ்...

காற்று செலவாகும் வழி தெரிந்துவிட்டது.

"மாப்ள" என்றேன். "போதும். கால எடு."

சத்தம் நின்றது.

கம்பி உள்ளே போகவில்லை.

ஊர்ந்து வெளியே வந்து கேபின் கதவைத் திறந்தேன். மணி ஏழு பத்து. சீட் காலி.

பெடல் தரையோடு அழுந்தியிருந்தது.

கையால் தூக்கினேன். வரவில்லை.

பயமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தோடு அழுகையும் வந்தது. இரண்டு மாதம் வராத அழுகை. கேபின் படியில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். உன் தம்பி வந்தான், மிதி என்றதும் மிதித்தான் என்று. அவள் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் லாரி முதலாளி வந்தார். அவர் ஏறி உட்கார்ந்ததும் அழுந்தியிருந்த பெடல் மேலே வந்தது. எஞ்சினைக் கிளப்பினார். ஆறே நிமிடத்தில் முள் மேலே போய் நின்றது. நான் ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை.

"சீட்ல ஆள் உக்காந்தா ஏறுது. எறங்கிட்டா ஏற மாட்டேங்குது. உங்களுக்கு முன்னாடி மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க" என்றார்.

வண்டி இதற்கு முன் யாருடையது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். விபத்தில் நொறுங்கியதை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறாராம். மலை இறக்கத்தில் ஏர் இல்லாமல் போய்விட்டது. பழைய டிரைவர் கடைசிவரை பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறார்.

"ஆள வெளிய எடுக்க முடியல. பெடல்ல கால் மாட்டிக்கிச்சு" என்றார் முதலாளி. "கால விட்டுட்டுத்தான் ஆள எடுத்தாங்க."

கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியை அனுப்பினேன். பழையபடி மரக்கட்டை.

அன்று வீட்டுக்குப் போனபோது சமையல் வாசம் வாசல்வரை வந்தது. மனைவி தலை வாரியிருந்தாள். மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"தம்பி இன்னைக்கும் வந்தானா?" என்று கேட்டாள்.

"வந்தான்" என்றேன்.